“உங்கள் விசுவாசம் போதாது” என்று சொல்லப்பட்ட ஒரு சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள உங்கள் கிராமத்திலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். 2009இல் போர் முடிந்த நாட்களில் வட்டுவாகல் பாலத்தை உங்களோடு கடந்த அண்ணன் அதன்பின் வீடு திரும்பவில்லை. அம்மா இன்றைக்கும் அவருக்கென்று ஒரு கோப்பையை எடுத்து வைக்கிறார். இந்த முறை காலபோக நெல் வெள்ளத்தோடு போய்விட்டது. விதைப்புக்காக எடுத்த குழுக்கடன் இரண்டுக்கும் வாரந்தோறும் படலையடியில் ஆள் வந்து நிற்கிறது. இவற்றுக்கு நடுவே, விசேட கூட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த போதகர் ஒருவர், விசுவாசம் இருந்திருந்தால் உங்கள் நிலைமை எப்போதோ மாறியிருக்கும் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அன்று தொடக்கம் ஆராதனைக்குப் போகிறீர்கள். ஜெபிக்க மட்டும் வாய் வரவில்லை. சோதனைகள் ஒருவரை வளர்க்கும் என்று வேதம் சொல்கிறதே, அது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று கேட்கிறீர்கள். அண்ணனுக்கு நினைவு ஆராதனை வைக்கலாமா என்பதையும் கடைசியில் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் போதகர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த முள் உள்ளே இருக்கும்வரை நான் வேறெதைச் சொன்னாலும் உங்களுக்குள் இறங்காது. துன்பத்துக்கான காரணம் துன்பப்படுகிறவரிடமே இருக்கவேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டபோது, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று இயேசுவின் சீஷர்களே கேட்டார்கள்; இரண்டுமல்ல என்று அவர் சொன்னார் (யோவான் 9:1-3). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போதும், எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அந்தக் கணக்கை ஏற்க மறுத்தார் (லூக்கா 13:4-5). யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. முடிவில் தேவன் யோபுவையும் கேள்விகளால் மடக்கினார் என்பது உண்மையே. ஆனால் அவருடைய கோபம் மூண்டது, தமக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்டிருந்த அந்த நண்பர்கள்மேல் (யோபு 42:7). நானும் பிரசங்கம் செய்கிறவன். கண்ணீரோடு ஒருவர் முன்னால் நிற்கும்போது, சொல்வதற்குப் பதில் இல்லாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பதும், அந்தச் சங்கடத்திலிருந்து தப்ப ஒரு வசனத்தை எடுத்து வீசிவிடுவது எவ்வளவு இலகு என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவரைக் கடிந்துகொள்வதைவிட, அவர் சொன்னதைச் சுமக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்று சொல்வதே எனக்கு முக்கியம்.

இன்னொன்று. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்துகொண்டுவந்து, கூரையைப் பிரித்து உள்ளே இறக்கினார்களே, அங்கே இயேசு “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” அவனோடு பேசினார் என்றே மாற்கு எழுதுகிறார் (2:5). படுத்திருந்தவனுடைய விசுவாசம் எவ்வளவு என்று அங்கே யாரும் அளந்து பார்க்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். யாக்கோபு நிருபத்தின் முதலாம் அதிகாரத்தை வாசிக்கும் தமிழர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. பலவிதமான சோதனைகளில் அகப்படும்போது அதைச் சந்தோஷமாக எண்ணுங்கள் என்று 2ஆம் வசனம் சொல்கிறது. தேவன் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்று 13ஆம் வசனம் சொல்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேரிலிருந்து வந்த சொல்லே இருக்கிறது. பெய்ரஸ்மோஸ் என்ற அந்தச் சொல், வெளியிலிருந்து வந்து அழுத்தும் இக்கட்டையும் குறிக்கும், உள்ளிருந்து தீமைக்கு இழுக்கும் ஆசையையும் குறிக்கும். நம்முடைய மொழிபெயர்ப்பும் இரண்டுக்கும் “சோதனை” என்றே வைத்துவிட்டது. வெள்ளம் வயலை மூடியது முதலாவது வகை. அந்த வெறுப்பில் பிள்ளைகளை அடிக்கக் கை ஓங்குவதும், கடன்காரருக்குப் பொய் சொல்லத் தோன்றுவதும் இரண்டாவது வகை. ஒரே நாளில், ஒரே வீட்டில், ஒன்றின் வாசலால் மற்றது நுழைகிறது. முதலாவதை நீங்கள் தெரிவுசெய்யவில்லை. அதற்காக உங்களைக் குற்றப்படுத்துவது அநியாயம். இரண்டாவதில்தான் உங்களுக்குத் தெரிவு இருக்கிறது.

இதைப் பிரித்து அறியாததால் இன்னொரு வசனமும் பிழையான இடத்தில் பயன்படுகிறது. தாங்கமுடியாத பாரத்தைத் தேவன் தரமாட்டார் என்று செத்த வீடுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1 கொரிந்தியர் 10:13இல் பவுல் பேசுவது, வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விழுந்துபோன விக்கிரக ஆராதனை, முறுமுறுப்பு போன்ற பாவங்களின் இழுப்பைப் பற்றி. அந்த இழுப்புக்குத் தப்பிக்கொள்ள ஒரு வழி எப்போதும் இருக்கும் என்பதே அங்குள்ள வாக்கு. துன்பத்தின் பாரத்தைப் பற்றி அதே பவுல் அதே சபைக்கு எழுதும்போது, ஆசியாவில் தங்களுக்கு நேரிட்டது தங்கள் பலத்துக்கு மிஞ்சினதாக இருந்தது என்றும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்றும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார் (2 கொரிந்தியர் 1:8). ஓர் அப்போஸ்தலனால் தாங்கமுடியாமற்போனது உங்களாலும் தாங்கமுடியாமற்போனால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சோதனை தானாக ஒருவரையும் வளர்ப்பதில்லை என்பதை நான் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் மேடைகளில் இது சொல்லப்படுவதில்லை. ஒரே பங்கருக்குள் இருந்து, ஒரே தறப்பாளின் கீழ் உறங்கி, ஒரே வரிசையில் நிவாரணம் வாங்கியவர்களில் சிலர் கனிந்து வந்தார்கள், சிலர் கசந்து போனார்கள். வன்னியில் இதை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ரோமர் 5:3-4இல் பவுல் ஒரு தொடரைச் சொல்கிறார்: உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும். நம்முடைய பேச்சுவழக்கில் பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்றாகிவிட்டது. கிரேக்கத்தில் அது ஹுப்போமொனே, அதாவது பாரத்தின் கீழே ஓடிப்போகாமல் நிலைத்திருப்பது. நிலைத்திருப்பவர் அழலாம், கத்தலாம், தேவனோடு வழக்காடலாம். அவரை விட்டு விலகாதிருந்தால் போதும். பரீட்சை என்பதும் பாடசாலைச் சோதனையல்ல. உலோகத்தை உருக்கிப் பார்த்து, இது மெய்யானது என்று உறுதிசெய்த நிலை. ஆகவே நடைமுறைக் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாரத்தின் கீழே நின்றபடி தேவனுக்கு முன்பாக நான் எதைச் செய்துகொண்டிருக்கிறேன்?

ஜெபிக்க முடியாதிருப்பதிலிருந்து தொடங்குவோம். நீங்கள் ஜெபிக்க முயலும்போதெல்லாம் ஸ்தோத்திரத்தில் தொடங்க முயல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம்முடைய சபைகளில் நாம் அப்படித்தான் பழக்கப்பட்டிருக்கிறோம். சங்கீதப் புத்தகத்தின் 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புலம்பல்கள். 13ஆம் சங்கீதம் தொடங்கும்போதே “எதுவரைக்கும்” என்று இரண்டு வசனங்களுக்குள் நான்கு தடவை கேட்கிறது. 88ஆம் சங்கீதம் ஒரு தேறுதலும் இல்லாமல் முடிகிறது. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஓர் அல்லேலூயாவைச் சேர்த்து அழகுபடுத்தவில்லை, அப்படியே ஆலயத்தில் பாடுவதற்குக் கொடுத்தார்கள். இயேசுவும் சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியையே எடுத்துக் கூப்பிட்டார். ஆகவே இந்தக் கிழமை உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு கொப்பியை எடுத்து, 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களை எழுதி, அவற்றின் கீழே உங்கள் “எதுவரைக்கும்”களை எழுதுங்கள். அண்ணனுடைய பெயரை எழுதுங்கள். கடனின் தொகையையும் எழுதுங்கள். வேறு ஒன்றும் வராவிட்டால் அதோடு மூடி வையுங்கள், அதுவும் ஜெபமே.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 2009இல் இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளம் முகாமில் இருந்தபோது பல மாதங்களாக எனக்குப் பரமண்டல ஜெபம் முழுதாக வரவில்லை. “உம்முடைய சித்தம்” என்ற இடத்துக்கு வந்ததும் நாக்கு நின்றுவிடும். பக்கத்துக் கூடாரத்தில் வயதான உபதேசியார் ஒருவர் இருந்தார். மாலையில் நான் அந்த இடத்தில் நிற்கும்போது, அவர் எதையும் கேட்காமல் மிச்சத்தைத் தாமே சொல்லி முடிப்பார். எனக்கு அவர் புத்தி சொன்னதாக ஞாபகமில்லை. ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டு வரமுடியாமற்போனபோது, அந்த வரியைத் தாண்டி நானே சொல்லிக்கொண்டு போனதைப் பாதி வழியில்தான் கவனித்தேன்.

அடுத்ததாக உங்கள் உடல். இரவில் மூன்று மணிக்குப் பிறகு தூங்குவதில்லை என்றும், சனிக்கிழமைகளில் உபவாசம் இருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் வெற்றி கண்ட மனிதன், யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்டான் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான்; தூங்கவிட்டான்; மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், போகவேண்டிய தூரம் அதிகம் என்று. மெல்லிய சத்தம் கேட்டது அதற்கு 40 நாள் கழித்து. இந்த நிலையில் உள்ள ஒருவர் உபவாசத்தை நிறுத்தி ஒழுங்காகச் சாப்பிடுவதே கீழ்ப்படிதல் என்று நான் நம்புகிறேன். தூக்கமின்மையும், எதிலும் பிடிப்பில்லாத தன்மையும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேலும் நீடித்தால், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். லூக்கா வைத்தியராக இருந்தார் என்பதைப் பவுல் பிரியத்தோடுதான் குறிப்பிடுகிறார்.

கடனைப் பற்றி நீங்கள் வெட்கத்தோடு, ஏதோ ஆவிக்குரிய விஷயமல்லாததைப் போல எழுதியிருக்கிறீர்கள். வேதம் அதை அப்படி நினைக்கவில்லை. எலிசாவிடம் ஓடிவந்த விதவையின் வீட்டு வாசலில் கடன்காரன் நின்றான், அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக (2 இராஜாக்கள் 4:1-7). தீர்க்கதரிசி, உன்னிடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அயல்வீடுகளில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார். எண்ணெய் பெருகியபின், அதை விற்று முதலில் கடனை அடைத்து மிச்சத்தில் பிழைக்கச் சொன்னார். அற்புதம் நடந்த வீட்டிலும் ஒரு கணக்கு இருந்தது, அயலுக்குத் தெரிந்திருந்தது. நெகேமியா 5ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. பஞ்சத்தில் தானியம் வாங்க வயல்களையும் வீடுகளையும் அடகு வைத்து, ராஜாவின் தீர்வைக்காகக் கடன்பட்டு, பிள்ளைகளையும் கொடுக்கவேண்டிய நிலைக்கு வந்த மக்களின் கூக்குரலைக் கேட்ட நெகேமியா, விசுவாசத்தோடு காத்திருங்கள் என்று சொல்லவில்லை. கடுங்கோபம் கொண்டான், பெரியவர்களைக் கூட்டி வைத்து, வட்டியை விடும்படியும் வயல்களைத் திருப்பிக் கொடுக்கும்படியும் செய்தான். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருந்ததை மறைக்கவும் இல்லை. சபை என்று ஒன்று இருப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று என்பதை நாம் மறந்துவிட்டோம்.

ஆகவே இரண்டு கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: எடுத்த தொகை, கட்டியது, மிச்சம், வட்டி. கணவருக்குத் தெரியாத தொகை ஏதும் இருந்தால் அதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள். அந்த இரவு கடினமாகத்தான் இருக்கும். ஒரு கடனைக் கட்ட இன்னொன்றை எடுக்காதீர்கள். தவணையைத் தள்ளிக் கேட்கப் போகும்போது தனியாகப் போகாமல், சபையில் கணக்குத் தெரிந்த ஒருவரையும் கிராம சங்கத்தில் உள்ள ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காணிக்கையைக் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே ஏற்றுக்கொள்ளப்படும் என்று பவுல் சொல்லியிருக்க (2 கொரிந்தியர் 8:12), விதைத்தால் நூறாக வரும் என்று சொல்லிக் கடன்பட்டவரிடம் பணம் வாங்குவது என் பார்வையில் பாவம்.

இங்கே கலாத்தியர் 6ஐயும் சேர்த்து வாசியுங்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவேண்டும் என்று 2ஆம் வசனமும், அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்று 5ஆம் வசனமும் சொல்வது முரண்போலத் தோன்றும். தமிழில் இரண்டும் பாரம்தான். கிரேக்கத்தில் முதலாவது நசுக்கும் சுமை, இரண்டாவது ஒருவர் தன் தோளில் கொண்டுபோகக்கூடிய பொதி. குளத்தில் நீர் காணாத ஆண்டுகளில் எல்லாருடைய வயலையும் காயவிடாமல், ஒரு பகுதிக் காணியை மட்டும் பங்கிட்டுச் சிறுபோகம் செய்கிறோமே, அதில் இரண்டு வசனமும் இருக்கின்றன: தண்ணீர் பொது, பங்குக்கு வந்த துண்டில் இறங்கி வேலைசெய்வது அவரவர் பாடு. உங்கள் கடனும் அண்ணனின் இழப்பும் முதலாவது வகை. அவற்றைத் தனியே சுமப்பதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அது சரியல்ல.

வீடுகளில் தொங்கும் நாட்காட்டிகளில் எரேமியா 29:11 அடிக்கடி இருக்கும். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வாக்கு. அது பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்குப் போன ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது என்பதையும், அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்று சொல்கிறது என்பதையும் நாட்காட்டி சொல்லாது. அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பும் நாளைக் காணப்போவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று கர்த்தர் சொல்லி அனுப்பினார். தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்று நம்மவர்கள் சொல்வதில் எவ்வளவு வேடிக்கை இருக்கிறதோ அவ்வளவு உண்மையும் இருக்கிறது. பனை வைப்பதை யாரும் அதற்காக நிறுத்தவில்லை. வெள்ளம் வடிந்த வயலில் பயறோ உழுந்தோ போடலாமா என்று கணவர் யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைச் செய்யுங்கள். உங்கள் மனம் தேறிய பிறகு செய்வோம் என்று காத்திருக்கவேண்டாம்.

வளர்கிறேனா என்று எப்படி அறிவது என்பதற்குச் சுருக்கமாக. பவுலின் முள் மூன்று முறை வேண்டியும் எடுக்கப்படவில்லை (2 கொரிந்தியர் 12:8-9); எனவே இக்கட்டு நீங்கியதா என்பது அளவுகோல் அல்ல. உள்ளத்தில் ஒரு சமாதானம் உணர்கிறேனா என்பதையும் நான் பெரிதாக எண்ணமாட்டேன், அது காலநிலையைப்போல மாறும். நான் பார்ப்பது சின்ன விஷயங்களை: முன்னைவிடச் சற்றுச் சீக்கிரமாக உண்மையைச் சொல்லுகிறேனா, என் கோபத்தைப் பிள்ளைகளில் தீர்க்காமல் தேவனிடம் கொண்டுபோகிறேனா, இன்னொரு வீட்டில் துக்கம் வந்தபோது காரணம் சொல்லாமல் அங்கே போய் உட்கார எனக்கு இயன்றதா. தங்களுக்குக் கிடைத்த ஆறுதலால் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யும்படியே தேவன் ஆறுதல் செய்கிறார் என்று பவுல் எழுதியது (2 கொரிந்தியர் 1:4) இந்த வகையில்தான் என் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

நினைவு ஆராதனையைப் பற்றி. 2 சாமுவேல் 21இல் ரிஸ்பாள் என்ற ஒரு தாய் இருக்கிறாள். அரசியல் கணக்கு ஒன்றைத் தீர்ப்பதற்காகக் கொல்லப்பட்ட ஏழு பேரில் இரண்டு பேர் அவள் பெற்ற பிள்ளைகள், அடக்கம் செய்யப்படவில்லை. அவள் பாறைமேல் இரட்டுப்புடவையை விரித்து, அறுப்பின் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் துரத்தியபடி அங்கேயே இருந்தாள். வேதத்தில் அவள் பேசின வார்த்தை ஒன்றுகூட இல்லை. அந்தச் செய்தி தாவீதின் காதுக்கு எட்டியபிறகே எலும்புகள் சேர்க்கப்பட்டு அடக்கம் நடந்தது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் வாசலில், காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட்டமாக உட்கார்ந்த நாளிலிருந்து அந்த அதிகாரத்தை என்னால் வேறுவிதமாக வாசிக்க முடியவில்லை. அவளுக்கும் உங்கள் அம்மாவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: ரிஸ்பாளுக்குத் தன் பிள்ளைகள் இறந்தது தெரியும். அது தெரியாத தாயிடம், நினைவு ஆராதனை வைத்து மனதை ஆற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வது, மகனை உங்கள் வாயாலேயே செத்தவனாக்குங்கள் என்று கேட்பதற்குச் சமம். அம்மா தாமாகக் கேட்காதவரை அதை வைக்கவேண்டாம். சபையில் யாராவது வற்புறுத்தினால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். அதற்குப் பதிலாக, அண்ணனுடைய பிறந்தநாளன்று வீட்டில் சிலர் கூடி அந்த அதிகாரத்தை வாசித்து, அவர் உயிரோடு இருக்கிறார் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், “ஆண்டவரே, அவர் எங்கே இருக்கிறார் என்பது உமக்குத் தெரியும்” என்று அவருடைய பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுக்கலாம். அன்றைக்கும் அம்மா அந்தக் கோப்பையை எடுத்து வைத்தால், வைக்கட்டும்.